நாள்பட்ட ஆசனவாய் வெடிப்பு: அறுவை சிகிச்சை அவசியமா? முடிவெடுக்கும் முன் அறிய வேண்டியவை

பெங்களூரு: மலம் கழிக்கும்போது கத்தியால் கீறுவது போன்ற வலி, அதன்பின் மணிக்கணக்கில் நீடிக்கும் எரிச்சல், மலத்தின் மேல் கோடு போல் படியும் செந்நிற ரத்தம் ஆகியவை ஆசனவாய் வெடிப்பின் முக்கிய அறிகுறிகள். பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் ஆறிவிடும் இந்தப் புண், சிலருக்கு மாதக்கணக்கில் ஆறாமல் நின்றுவிடுகிறது. அந்தக் கட்டத்தில் நோயாளி ஒரு கடினமான முடிவை எதிர்கொள்கிறார். அறுவை சிகிச்சை செய்துகொண்டால் வலி தீர்வதற்கான வாய்ப்பு மிக அதிகம். ஆனால், அதில் வெட்டப்படுவது மலத்தையும் வாயுவையும் அடக்கிவைக்க உதவும் தசையின் ஒரு பகுதி. வெட்டிய தசையைப் பழைய நிலைக்குக் கொண்டுவருவது எளிதல்ல.

பெங்களூருவின் மல்லேஸ்வரம் போன்ற பகுதிகளில் அரசு பொது மருத்துவமனை, தனியார் மருத்துவமனைகள், 'மூலம் - பௌத்திரம்' சிகிச்சை நிலையங்கள் என எல்லாமே கைக்கெட்டும் தொலைவில் உள்ளன. எங்கு செல்வது என்பதைக் காட்டிலும், எந்த நிலையில் அறுவைக்கு ஒப்புக்கொள்வது என்பதே நோயாளிகளைத் தடுமாறச் செய்கிறது. அந்த முடிவை எடுக்கத் தேவையான விவரங்கள் இங்கே தொகுத்தளிக்கப்பட்டுள்ளன.

மூலமா, பௌத்திரமா, வெடிப்பா?

ஆசனவாயில் வரும் எல்லாத் தொல்லைகளையும் 'மூலம்' என்ற ஒரே பெயரால் குறிப்பிடும் வழக்கம் மக்களிடையே உள்ளது. உண்மையில் இவை மூன்று வெவ்வேறு நோய்கள். மூலம் என்பது ரத்த நாளத் திசுக்கள் வீங்கிச் சரிவது. இதில் ரத்தப்போக்கு இருந்தாலும் பெரும்பாலும் வலி இருக்காது. பௌத்திரம் என்பது ஆசனவாயின் உட்புறத்துக்கும் வெளித்தோலுக்கும் இடையே உருவாகும் சீழ் வடியும் துளை. வெடிப்பு என்பது ஆசனவாயின் உட்தோலில் நீளவாக்கில் ஏற்படும் கிழிசல். கடுமையான வலியே இதன் தனி அடையாளம்.

ஆறு முதல் எட்டு வாரங்களுக்கு மேல் ஆறாத வெடிப்பு 'நாள்பட்டது' எனக் கருதப்படுகிறது. அதன் வெளி விளிம்பில் சிறிய தோல் மடிப்பு தொங்குவதும், புண்ணின் அடியில் தசை நார்கள் வெளியே தெரிவதும் நாள்பட்ட நிலையைக் காட்டுகின்றன. அந்தத் தோல் மடிப்பையே மூலம் என்று எண்ணி, பல ஆண்டுகள் மூலத்துக்கான மருந்தைப் பூசி வருவோரும் உண்டு.

பெரும்பாலான வெடிப்புகள் ஆசனவாயின் பின்பக்க நடுக்கோட்டில் தோன்றுகின்றன. பெண்களில் ஒரு பகுதியினருக்கு முன்பக்க நடுக்கோட்டிலும் வரலாம். பக்கவாட்டில் தோன்றினாலோ, பல இடங்களில் ஒரே நேரத்தில் தோன்றினாலோ, வலியே இல்லாமல் ஆழமாக இருந்தாலோ அது சாதாரண வெடிப்பாக இல்லாமல் இருக்கக்கூடும். குரோன் நோய், காசநோய், எச்.ஐ.வி., சிபிலிஸ், புற்றுநோய் ஆகியவற்றுள் ஒன்று அதன் பின்னணியில் இருக்கிறதா என ஆராய்ந்த பிறகே சிகிச்சை தீர்மானிக்கப்பட வேண்டும்.

புண் ஏன் ஆறுவதில்லை?

ஆசனவாயைச் சுற்றி இரண்டு சுருக்குத்தசைகள் வளையம் போல் அமைந்துள்ளன. வெளித்தசை நமது விருப்பப்படி இயங்குவது. உள்தசை தானாகவே எப்போதும் இறுகிய நிலையில் இருப்பது. வெடிப்பு உண்டானதும் வலியின் விளைவாக உள்தசை மேலும் இறுகுகிறது. இறுகிய தசை அப்பகுதிக்கான ரத்த ஓட்டத்தைக் குறைக்கிறது. ரத்த ஓட்டம் குறைந்தால் புண் ஆறாது. ஆறாத புண்ணின் வலி தசையை மீண்டும் இறுக்குகிறது.

பின்பக்க நடுக்கோட்டுக்கு இயல்பாகவே ரத்த ஓட்டம் குறைவு என்பதை ஜெர்மனியில் 1989-ல் வெளியான உடற்கூறு ஆய்வு காட்டியது. தசையின் அழுத்தம் கூடக்கூட அங்கு ரத்த ஓட்டம் குறைகிறது என்பதை நெதர்லாந்து ஆய்வாளர்கள் 1994-ல் நிறுவினர். இதனால், இன்றுள்ள சிகிச்சைகளில் பெரும்பாலானவற்றின் நோக்கம் ஒன்றே: இறுகிய உள்தசையைத் தளர்த்துவது. களிம்பு அதைத் தற்காலிகமாகச் செய்கிறது. ஊசி சில மாதங்களுக்குச் செய்கிறது. அறுவை நிரந்தரமாகச் செய்கிறது.

முதல் படி: உணவும் வெந்நீரும்

புதிதாக ஏற்பட்ட வெடிப்புகளில் பெரும்பாலானவை எளிய முறைகளிலேயே குணமாகின்றன. 103 நோயாளிகளிடம் நடத்தப்பட்டு 1986-ல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வெளியான ஆய்வில், வெதுவெதுப்பான நீரில் அமர்வதுடன் தவிடும் உட்கொண்டவர்களில் 87 சதவீதத்தினருக்கு மூன்று வாரங்களில் புண் ஆறியது. மரத்துப்போகச் செய்யும் களிம்பை மட்டும் பூசியவர்களில் 60 சதவீதத்தினருக்கே ஆறியது.

புண் ஆறியதும் நார்ச்சத்தை நிறுத்திவிடுவது பலரும் செய்யும் தவறு. 1987-ல் வெளியான மற்றோர் ஆய்வில், நாளொன்றுக்கு 15 கிராம் தவிடு தொடர்ந்து உட்கொண்டவர்களில் 16 சதவீதத்தினருக்கு ஓராண்டுக்குள் வெடிப்பு திரும்பியது. தவிடு உட்கொள்ளாதவர்களில் அந்த அளவு 68 சதவீதமாக இருந்தது.

ராகிக் களி, முழுத்தானியங்கள், கீரை, அவரை வகைகள், கொய்யா போன்ற பழங்கள் ஆகியவை நார்ச்சத்து தருபவை. இசப்கோல் உமியைப் போதிய தண்ணீருடன் எடுத்துக்கொள்ளலாம். தண்ணீர் குறைந்தால் அதுவே மலத்தை இறுக்கும். வலிக்கு அஞ்சி மலத்தை அடக்குவதும், கழிப்பறையில் நெடுநேரம் அமர்ந்து முக்குவதும் புண்ணை மேலும் கிழிக்கின்றன. நாள்பட்ட வெடிப்பு உள்ளவர்களில் இந்த முறைகளால் மட்டும் குணமடைவோர் குறைவு. ஆயினும், அடுத்து எந்தச் சிகிச்சையை மேற்கொண்டாலும் இவை தொடர வேண்டும்.

இரண்டாம் படி: தசையைத் தளர்த்தும் களிம்புகள்

கிளிசெரில் டிரைநைட்ரேட், டில்டியாசெம், நிபெடிபின் ஆகிய மருந்துகள் கொண்ட களிம்புகளை மருத்துவர்கள் பரிந்துரைக்கின்றனர். 80 பேரிடம் நடத்தப்பட்டு 1997-ல் 'லான்செட்' இதழில் வெளியான ஆய்வில், நைட்ரேட் களிம்பு பூசியவர்களில் 68 சதவீதத்தினருக்கு எட்டு வாரங்களில் புண் ஆறியது. மருந்தற்ற களிம்பு பூசியவர்களில் 8 சதவீதத்தினருக்கே ஆறியது.

பின்னர் வந்த ஆய்வுகள் அந்த நம்பிக்கையைச் சற்றுக் குறைத்தன. பல ஆய்வுகளைத் திரட்டி 2012-ல் வெளியான காக்ரேன் மதிப்பாய்வின்படி, நைட்ரேட் களிம்பால் குணமடைந்தோர் 48.9 சதவீதம், மருந்தற்ற களிம்பால் குணமடைந்தோர் 35.5 சதவீதம். குணமடைந்தவர்களிலும் ஏறத்தாழ பாதிப் பேருக்கு வெடிப்பு திரும்பியது.

நைட்ரேட் களிம்பின் முக்கியப் பக்கவிளைவு தலைவலி. டில்டியாசெம் களிம்பில் இத்தொல்லை குறைவு. ஆண்மைக் குறைவுக்கான சில்டெனாபில் வகை மாத்திரைகளை உட்கொள்வோர் நைட்ரேட் களிம்பைப் பயன்படுத்தக் கூடாது. ரத்த அழுத்தம் ஆபத்தான அளவுக்குக் குறைந்துவிடும். இதைக் கூச்சம் கருதி மருத்துவரிடம் மறைப்பது உயிருக்கே கேடாக முடியலாம்.

ஆறு முதல் எட்டு வாரங்கள் வரை, மருத்துவர் சொன்ன அளவில், நாள்தோறும் தவறாமல் பூசினால்தான் களிம்பு முறையாகப் பயன்படுத்தப்பட்டதாகக் கொள்ள முடியும். வலி குறைந்த பத்தாம் நாளில் நிறுத்திவிட்டு, 'மருந்து வேலை செய்யவில்லை' என்று அறுவைக்குச் செல்வது முறையாகாது.

இடைப்பட்ட வழி: ஊசி

போட்டுலினம் நச்சை மிகச் சிறிய அளவில் உள்தசையில் செலுத்தினால், அத்தசை சுமார் மூன்று மாதங்களுக்குத் தளர்ந்திருக்கும். 30 நோயாளிகளிடம் நடத்தப்பட்டு 1998-ல் வெளியான இத்தாலிய ஆய்வில், ஊசி பெற்ற 15 பேரில் 11 பேருக்கு இரண்டு மாதங்களில் புண் ஆறியது. உப்பு நீர் ஊசி பெற்ற 15 பேரில் இருவருக்கே ஆறியது. ஊசியினால் சிலருக்கு வாயுவை அடக்க இயலாமை ஏற்பட்டாலும், மருந்தின் வீரியம் தீர்ந்ததும் அது பெரும்பாலும் மறைந்துவிடும். விலை அதிகம் என்பதும், வெடிப்பு திரும்ப வரக்கூடும் என்பதும் இதன் குறைகள்.

மூன்றாம் படி: அறுவை சிகிச்சை

முற்காலத்தில் மயக்க மருந்து கொடுத்து ஆசனவாயை விரல்களால் அகட்டும் முறை பரவலாக இருந்தது. தசை எங்கே, எவ்வளவு கிழியும் என்பதைக் கட்டுப்படுத்த முடியாததால், அம்முறை கைவிடப்பட வேண்டியது என்பதே இன்றைய மருத்துவ ஆய்வுகளின் முடிவு. 1951-ல் உள்தசையை அளவாக வெட்டும் முறை விவரிக்கப்பட்டது. 1969-ல் அதைப் பக்கவாட்டில், சிறு துளை வழியாகச் செய்யும் முறை வெளியிடப்பட்டது. 'பக்கவாட்டு உள் சுருக்குத்தசை அறுவை' எனப்படும் அந்த முறையே இன்றளவும் முதன்மையாக விளங்குகிறது. பொதுவாக அரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். பலர் அன்றே வீடு திரும்புகின்றனர்.

இதன் வெற்றி விகிதம் உயர்ந்தது. கனடாவில் பல மருத்துவமனைகளில் நடத்தப்பட்டு 2000-ல் வெளியான ஆய்வில், ஆறு மாத முடிவில் அறுவை செய்துகொண்டவர்களில் 92 சதவீதத்தினருக்குப் புண் ஆறியிருந்தது. நைட்ரேட் களிம்பு பூசியவர்களில் அது 27 சதவீதமாக இருந்தது. பலருக்கும் வெடிப்பின் கடும் வலி ஒருசில நாட்களிலேயே தணிந்துவிடுகிறது. காயம் முழுமையாக ஆறச் சில வாரங்கள் ஆகும்.

அறுவையின் விலை என்ன?

அறுவைக்குப் பின் மலத்தையும் வாயுவையும் அடக்கும் திறன் குறையுமோ என்ற அச்சமே பலரைத் தயங்கவைக்கிறது. அந்த அச்சம் ஆதாரமற்றதன்று. எனினும் அதன் அளவைச் சரியாகப் புரிந்துகொள்வது அவசியம்.

பங்கஜ் கர்க் உள்ளிட்ட இந்திய ஆய்வாளர்கள் 22 ஆய்வுகளைத் தொகுத்து 2013-ல் வெளியிட்ட பகுப்பாய்வில், அறுவை செய்துகொண்டவர்களில் சுமார் 14 சதவீதத்தினருக்கு நீண்டகால நோக்கில் அடக்கும் திறனில் ஏதேனும் ஒரு குறை இருந்தது. வாயுவை அடக்க இயலாமை 9 சதவீதம்; உள்ளாடையில் கறை படிதல் 6 சதவீதம். திட மலத்தை அடக்க இயலாத கடும் பாதிப்பு 1 சதவீதத்துக்கும் குறைவு.

அமெரிக்காவின் மேயோ மருத்துவமனையில் அறுவை செய்துகொண்டவர்களை ஆராய்ந்து 1999-ல் வெளியான ஆய்வில், 45 சதவீதத்தினர் ஏதோ ஒரு கட்டத்தில் சிறிதளவாவது அடக்க இயலாமையை உணர்ந்ததாகத் தெரிவித்தனர். ஐந்தாண்டுகளுக்குப் பிந்தைய கணக்கெடுப்பில் அது வெகுவாகக் குறைந்து, வாயுவை அடக்க இயலாமை 6 சதவீதமாகவும் லேசான கறை 8 சதவீதமாகவும் இருந்தன. கனடா ஆய்வில் பங்கேற்றோரை ஆறு ஆண்டுகளுக்குப் பின் விசாரித்தபோது, அறுவை செய்துகொண்டவர்களுக்கும் மற்றவர்களுக்கும் இடையே அடக்கும் திறனில் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. அறுவை செய்துகொண்டவர்களே அதிக மனநிறைவு தெரிவித்தனர்.

எண்கள் இவ்வாறு மாறுபடுவதற்குக் காரணம் உண்டு. ஆபத்து குறைந்தவர்களைத் தேர்ந்தெடுத்து, அளவாக வெட்டினால் பாதிப்பு குறைகிறது. தசையை அதிக உயரம் வரை வெட்டினாலோ, ஏற்கெனவே பலவீனமான தசையை வெட்டினாலோ பாதிப்பு கூடுகிறது. எனவே, வெடிப்பின் நீளத்துக்கு மட்டும் தசையை வெட்டும் முறையைப் பல மருத்துவர்கள் இன்று பின்பற்றுகின்றனர்.

யாருக்கு ஏற்றது? யார் தயங்க வேண்டும்?

களிம்பை முறையாகப் பயன்படுத்தியும் குணமாகாதவர்கள், குணமாகி மீண்டும் மீண்டும் வெடிப்பால் அவதிப்படுபவர்கள், வலியால் உணவையே குறைத்துக்கொண்டவர்கள், வேலைக்குச் செல்ல முடியாதவர்கள் ஆகியோருக்கு அறுவையின் பயன் அதன் ஆபத்தைவிட அதிகம். உள்தசை நன்கு இறுகியிருக்கும், முன்பு ஆசனவாய் அறுவை எதுவும் செய்துகொள்ளாத நோயாளிகள் இதற்கு மிகவும் ஏற்றவர்கள். அடக்கும் திறன் இயல்பாக உள்ளவர்கள் விரும்பினால், களிம்பு முயற்சியைத் தவிர்த்து நேரடியாகவும் அறுவையைத் தேர்ந்தெடுக்கலாம் என்று அமெரிக்கப் பெருங்குடல், மலக்குடல் அறுவை மருத்துவர் சங்கத்தின் வழிகாட்டுதல் அனுமதிக்கிறது.

பின்வருவோர் தசையை வெட்டும் முடிவில் கூடுதல் எச்சரிக்கையுடன் இருக்க வேண்டும்:

* சுகப்பிரசவத்தின்போது ஆசனவாய்த் தசை வரை கிழிந்த பெண்கள், மகப்பேற்றுக்குப் பின் வெடிப்பு வந்தவர்கள். இவர்களில் பலருக்குத் தசை இறுக்கமே இருப்பதில்லை.

* பௌத்திரம் அல்லது மூலத்துக்கு முன்பே அறுவை செய்துகொண்டவர்கள்.

* ஏற்கெனவே வாயு அல்லது மலத்தை அடக்கச் சிரமப்படுபவர்கள், முதியவர்கள்.

* குரோன் நோய் உள்ளவர்கள், அடிக்கடி வயிற்றுப்போக்கால் அவதிப்படுபவர்கள்.

இத்தகையோருக்குத் தசையை வெட்டாமல், அருகிலுள்ள ஆரோக்கியமான தோலை நகர்த்திப் புண்ணை மூடும் அறுவை அல்லது போட்டுலினம் ஊசி பொருத்தமாக இருக்கும். சந்தேகம் இருந்தால், தசையின் அழுத்தத்தை அளக்கும் பரிசோதனையும் ஆசனவாய் ஸ்கேனும் முடிவெடுக்க உதவும்.

'லேசர்' என்ற சொல்லுக்குப் பின்னால்

'வலியில்லை, தையலில்லை, அன்றே வீடு திரும்பலாம்' என்ற விளம்பரங்களை நகரெங்கும் காண முடிகிறது. லேசர் என்பது ஒரு கருவி மட்டுமே. அதைக் கொண்டு தசை வெட்டப்படுகிறதா, புண் மட்டும் சுத்தம் செய்யப்படுகிறதா, தோல் மடிப்பு நீக்கப்படுகிறதா என்பதைக் கேட்டறிய வேண்டும். தசை வெட்டப்படுமானால், மேலே கூறிய ஆபத்துகள் லேசருக்கும் பொருந்தும். முதல் சந்திப்பிலேயே, களிம்பு குறித்துப் பேசாமல், அன்றோ மறுநாளோ அறுவைக்கு நாள் குறிக்க வற்புறுத்தினால் வேறொரு மருத்துவரின் கருத்தைப் பெறுவது நல்லது. நாள்பட்ட வெடிப்பு பொதுவாக அவசர அறுவை தேவைப்படும் நோயல்ல.

மல்லேஸ்வரம் பகுதியினர் கவனத்துக்கு

மல்லேஸ்வரத்தில் கர்நாடக அரசின் கே.சி. பொது மருத்துவமனை இயங்கி வருகிறது. ரத்தப்போக்கு அல்லது வலியுடன் வருவோர் முதலில் அங்குள்ள புறநோயாளிகள் பிரிவில் ஆலோசனை பெறலாம். கர்நாடகத்தில் 2018 முதல் நடைமுறையில் உள்ள ஆயுஷ்மான் பாரத் - ஆரோக்கிய கர்நாடகா திட்டத்தில், வறுமைக் கோட்டுக்குக் கீழுள்ள குடும்பங்களுக்கு ஆண்டுக்கு ரூ.5 லட்சம் வரை சிகிச்சைப் பாதுகாப்பு உண்டு. அவசரமல்லாத சிகிச்சைக்கு அரசு மருத்துவமனையையே முதலில் அணுக வேண்டும் என்பது திட்டத்தின் அடிப்படை. குறிப்பிட்ட அறுவை திட்டத்தின் கீழ் வருமா என்பதை அனுமதிக்கு முன்பே உதவி மையத்தில் உறுதிசெய்துகொள்வது அவசியம். தனியார் காப்பீடு வைத்திருப்போர், இந்நோய்க்குக் காத்திருப்புக் காலம் உள்ளதா எனத் தங்கள் பாலிசியைப் பார்க்க வேண்டும்.

தனியார் மருத்துவமனைகளும் சிகிச்சை நிலையங்களும் கர்நாடகத் தனியார் மருத்துவ நிறுவனங்கள் சட்டம், 2007-ன் கீழ் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவு விவரத்தையும் கட்டண விவரத்தையும் நோயாளி கேட்டறியலாம்.

ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திடும் முன்

பெங்களூரு மருத்துவமனைகளில் ஒப்புதல் படிவங்கள் பெரும்பாலும் கன்னடத்திலோ ஆங்கிலத்திலோ இருக்கின்றன. இவ்விரு மொழிகளையும் படிக்க இயலாத தமிழர்கள், படிவத்தின் உள்ளடக்கத்தைத் தமிழில் விளக்கும்படி கேட்கலாம். புரியும் மொழியில் விளக்கம் பெறுவது நோயாளியின் உரிமை.

சமீரா கோஹ்லி வழக்கில் 2008 ஜனவரியில் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், சிகிச்சையின் தன்மை, மாற்று வழிகள், ஆபத்துகள் ஆகியவற்றை நோயாளிக்கு விளக்கிய பிறகே ஒப்புதல் பெற வேண்டும் என்றும், ஒரு சிகிச்சைக்கு அளித்த ஒப்புதல் வேறொரு கூடுதல் அறுவைக்குப் பொருந்தாது என்றும் தெளிவுபடுத்தியது. உயிரைக் காக்கும் அவசரம் மட்டுமே இதற்கு விதிவிலக்கு. 'வெடிப்புடன் மூலத்தையும் சேர்த்து எடுத்துவிட்டோம்' என்று அறுவைக்குப் பின் தெரியவரும் நிலையைத் தவிர்க்க, எதெல்லாம் செய்யப்படும் என்பதை முன்பே எழுத்தில் பெறுவது நல்லது.

மருத்துவரிடம் கேட்க வேண்டிய கேள்விகள்:

1. எனது புண் உறுதியாக வெடிப்புதானா? வேறு நோய் இல்லை என எவ்வாறு அறிந்தீர்கள்?

2. எனது உள்தசை இறுக்கமாக உள்ளதா?

3. களிம்பையோ ஊசியையோ இன்னும் முயல இடமுண்டா?

4. தசையில் எவ்வளவு நீளம் வெட்டப்படும்?

5. நீங்கள் அறுவை செய்தவர்களில் எத்தனை பேருக்கு அடக்கும் திறன் குறைந்தது?

6. மொத்தச் செலவு எவ்வளவு? எத்தனை நாள் ஓய்வு தேவை?

தாமதிக்கக் கூடாத அறிகுறிகள்

காய்ச்சலுடன் கூடிய வீக்கம் அல்லது சீழ், அதிக ரத்தப்போக்கு, கருநிற மலம், காரணமின்றி எடை குறைதல், மலம் கழிக்கும் வழக்கத்தில் அண்மையில் ஏற்பட்ட மாற்றம், ரத்தசோகை ஆகியவை இருந்தால் உடனே மருத்துவரை அணுக வேண்டும். நடுத்தர வயதைக் கடந்தவர்களுக்கு ரத்தப்போக்கு இருந்தால், குடல் உள்நோக்கிப் பரிசோதனை தேவைப்படலாம். வெடிப்பு கண்ணுக்குத் தெரிகிறது என்பதால் மட்டும், ரத்தம் அதிலிருந்தே வருகிறது என முடிவுகட்ட முடியாது.

நாள்பட்ட வெடிப்பு உயிரைப் பறிக்கும் நோயல்ல. ஆனால் அன்றாட வாழ்வைக் குலைக்கக்கூடியது. முறையான மருந்துச் சிகிச்சைக்கு இரண்டு மாத அவகாசம் கொடுத்துப் பார்ப்பதால் பெரும்பாலோருக்கு இழப்பு ஏதுமில்லை. அதன் பிறகும் வலி தொடர்ந்தால், தனது தசையின் நிலையைப் பரிசோதித்தறிந்து, தகுதியான மருத்துவரிடம் அறுவை செய்துகொள்வதை ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போட வேண்டியதும் இல்லை.

(இக்கட்டுரை பொதுத் தகவலுக்கானது. எந்தச் சிகிச்சையையும் மருத்துவரின் நேரடி ஆலோசனைக்குப் பின்னரே மேற்கொள்ள வேண்டும்.)